மலைக்காட்டுக் கூடாரம்: துணி, பூச்சு, எடை

பாலக்காடு மாவட்டத்தின் தென்கிழக்கில் அமைந்துள்ள முதலமடை ஊராட்சி, ஒரே எல்லைக்குள் இரு வேறு தட்பவெப்ப நிலைகளைக் கொண்டது. பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதை செல்லும் சமவெளிப் பகுதியில் மாந்தோப்புகள் பரந்து கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஏற்பட்டுள்ள பாலக்காட்டுக் கணவாயின் வழியே மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று வறண்டு வேகமாக வீசுவது இப்பகுதியில்தான். அதே ஊராட்சியின் மலைப்பகுதியாகிய பறம்பிக்குளமோ, தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மாதக் கணக்கில் ஏற்கும் காடு. 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற அக்காடு, 1,438 மீட்டர் உயரமுள்ள கரிமலைக் கோபுரம் வரையில் எழுகிறது. முதலமடையிலிருந்து பறம்பிக்குளத்துக்கு மோட்டார் வண்டியில் செல்ல விரும்புவோர், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டே செல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இத்தகைய நிலப்பகுதியில் இரவைத் துணிக் கூரையின்கீழ்க் கழிக்க நேர்பவர் இரு சாரார். ஒரு சாரார் வனக் காவலர், மழைக்கால ரோந்து செல்வோர், 2006-ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெற்று வரும் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்புக்காகக் காட்டில் நடப்போர் முதலிய களப் பணியாளர். நிலையான காவல் முகாம்கள் பல இடங்களில் இருப்பினும், அவை எட்டாத தொலைவில் இருட்டிவிடும் நாட்கள் உண்டு. மற்றொரு சாரார், மாணவரை இயற்கைப் படிப்பு முகாம்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர். இவ்விரு சாராருக்கும் அண்மைக் காலத்தில் கடைகளில் கிடைக்கும் இலேசான கூடாரங்கள் பெரிதும் கவர்ச்சியூட்டுகின்றன. இரண்டு கிலோகிராமுக்கும் குறைந்த எடையில் இருவர் படுக்கத்தக்க கூடாரம் என்பது, கான்வாஸ் கூடாரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிய தலைமுறைக்கு நம்ப இயலாத செய்தியாகவே இருந்திருக்கும்.

ஆனால் அக்கூடாரங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மலையேறுவோரின் தேவையை அளவுகோலாகக் கொண்டு உருவானவை. அவற்றின் உறையில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் இரண்டு எண்கள், எடையும் நீர்புகாமையின் அளவுமே. வாங்குவோரும் அவ்விரண்டு எண்களையே ஒப்பிட்டு முடிவு செய்கின்றனர். பறம்பிக்குளம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டில் அம்முறை பிழையான தேர்வுக்கே வழி செய்யும். இங்கே கூரைத் துணியில் மிகை நீர்புகாமைக்குப் பணமும் எடையும் செலவிடுவது வீண்; அந்த எடையைத் தரைத்துணியிலும், கொசுவலை உட்கூட்டிலும், காற்றோட்டத்திலும் செலவிடுவதே தக்கது.

இதனை விளங்கிக்கொள்ள, நீர்புகாமை எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சோதனைக் கருவியில் துணியை இறுகப் பிணைத்து, அதன் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவர். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் நீர் கசியும்போது, அவ்வழுத்தத்துக்கு ஈடான நீர்த்தம்பத்தின் உயரம் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். சர்வதேசத் தர அமைப்பின் 811-ஆம் எண்ணுள்ள முறை இதுவே. 1,500 என்று குறித்த துணி, ஒன்றரை மீட்டர் உயர நீரைத் தாங்கவல்லது என்று பொருள். 5,000 என்று குறித்த துணி மும்மடங்கு மேலானது என்று தோன்றுவது இயல்பே. சரிவாகவும் விறைப்பாகவும் கட்டிய கூரையின்மேல் விழும் மழைத்துளி கணப்பொழுது மோதி வழிந்துவிடுகிறது. அதன்மேல் நீர் தேங்கி நிற்பதில்லை. நல்ல நிலையிலுள்ள 1,500 மில்லிமீட்டர்த் துணி அடைமழைக்கும் போதுமானது என்பதே அனுபவம். அதற்கு மேற்பட்டதெல்லாம் பூச்சின் கனம். சதுரமீட்டருக்கு 20 கிராம் பூச்சுக் கூடினால், எட்டுச் சதுரமீட்டர்க் கூரையில் 160 கிராம் கூடிவிடும்.

தரைத்துணியின் கதை வேறு. அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கூடாரத்துக்குள் மண்டியிட்டு எழுகிறார் என்று கொள்க. ஒவ்வொரு முழங்காலும் சுமார் முப்பது சதுரசென்டிமீட்டர் பரப்பில் ஊன்றுமாயின், அவருடைய முழு எடையும் அறுபது சதுரசென்டிமீட்டரில் இறங்குகிறது. அதாவது, ஒரு சதுரசென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம். அது பத்து மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு ஈடாகும். உறையின் கணக்கில் 10,000 மில்லிமீட்டர். அவரே மல்லாந்து படுத்துக்கொண்டால் எடை பரந்து, 200 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். மண் இளகியிருந்தால் முழங்காலின் அழுத்தமும் ஓரளவு தணியும். ஆயினும் கூரையைவிடத் தரையே கடுமையான சோதனைக்கு ஆளாகிறது என்பதில் ஐயமில்லை. எடைக்குறைப்பை முதன்மையாகக் கொண்ட கூடாரங்களில் கூரைக்கும் தரைக்கும் ஒரே மெல்லிய துணியை இட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பறம்பிக்குளத்தில் மூங்கில் வெட்டிய கட்டைகளும் முள்ளும் நிறைந்த தரையின்மேல் அத்துணி எத்தனை இரவு தாங்கும்?

தரை, நீரைத் தடுப்பதற்கு மட்டுமன்று. மழைக்காலக் காட்டில் அட்டையும் உண்ணியும் ஊர்ந்து வரும். சமவெளிப் பகுதியிலும் மலையடிவாரத்திலும் கட்டுவிரியன் உண்டு. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன் எனப்படும் இப்பாம்பு இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாமையால், கடிபட்டவர் தாம் கடிபட்டதையே உணராது உறங்கிவிடுகின்ற கொடுமையும் நேர்கிறது. விளிம்பு ஒரு சாண் உயர்ந்து தொட்டி போன்று தைக்கப்பெற்ற தரைத்துணியும், அதனோடு இடைவெளியின்றி இணைந்து பற்சங்கிலியால் மூடத்தக்க வலைக் கூடும் இருக்குமாயின், இவ்வபாயம் பெரிதும் நீங்கும். இவ்விரண்டும் சேர்ந்து ஓர் அரைக் கிலோகிராம் எடை கூட்டலாம். அந்த அரைக் கிலோகிராமைக் குறைக்கும் பொருட்டுத் தரையில்லாக் கூடாரம் வாங்குமாறு களப் பணியாளருக்கு ஆலோசனை கூறுவோர், பனிமலையை மனத்தில் வைத்துப் பேசுகின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

இனி, உள்ளே தோன்றும் நீரைப் பற்றி. மனிதன் உறங்கும்போதும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நீராவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறான். ஓர் இரவில் அது ஏறத்தாழக் கால் லிட்டர் இருக்கும். இருவர் உறங்கினால் அரை லிட்டர். ஈர உடைகளையும் உள்ளே தொங்கவிட்டால் கணக்கு இன்னும் ஏறும். 25 பாகை சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு கனமீட்டர்க் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். எனவே விடியற்காலையில் துணி குளிரும்போது, எஞ்சிய ஆவி அதன் உட்புறத்தில் துளிகளாகப் படிகிறது. வானம் தெளிந்த இரவுகளில் துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி, சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால் இது மேலும் மிகும். அதன்பின் மழை பெய்தாலோ, மரக்கிளையிலிருந்து பெருந்துளி சொட்டினாலோ, அந்த அதிர்ச்சியில் உட்புறத்துளிகள் தூறலாக முகத்தில் விழும். உறங்குபவர், "கூடாரம் ஒழுகுகிறது" என்று முடிவு கட்டுகிறார். அடுத்த முறை இன்னும் உயர்ந்த எண்ணுள்ள துணியை வாங்குகிறார். அத்துணியிலும் அதே துளிகள் படிகின்றன.

ஒழுகலையும் ஆவிப்படிவையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. துளிகள் உட்புறம் முழுவதும் ஒரே சீராகப் படிந்திருந்தால் அது மனித மூச்சின் நீர். தையல் வரியை ஒட்டியோ கட்டுக்கயிற்றின் அடியிலோ மட்டும் நனைந்திருந்தால் அது மழைநீர். முன்னதற்குப் பரிகாரம் துணியன்று, காற்றோட்டம். கூரைக்கும் உட்கூட்டுக்கும் இடையே ஒரு கையகல இடைவெளி, இரு முனைகளிலும் மழைச்சாரல் படாத உயரத்தில் திறப்பு, கூரையின் கீழ்விளிம்பு தரையைத் தொடாது ஒரு சாண் உயர்ந்து நிற்றல் ஆகியவை வேண்டும். பனிப்புயலைத் தடுப்பதற்காகத் தரைவரை இறங்கும் கூரையை இந்நாட்டில் பயன்படுத்துவோர், உயர்ந்த விலை கொடுத்து ஓர் இட்லிக் கொப்பரையை வாங்கியவராவர்.

இவ்விடத்தில் "மூச்சு விடும் துணி" என்று விளம்பரப்படுத்தப்படும் ஒற்றைச் சுவர்க் கூடாரங்களைப் பற்றி ஒரு சொல். நுண்துளைப் படலம் ஒட்டப்பெற்ற அத்துணிகள் நீர்த்துளியைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடுவன. இது உண்மையே. ஆனால் ஆவி வெளியே செல்ல, உள்ளே ஆவியின் அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருத்தல் வேண்டும். உறைபனி மலையில் அவ்வேறுபாடு மிகப் பெரிது. ஆடி மாதத்துப் பறம்பிக்குளத்தில் வெளிக்காற்றே ஆவியால் நிரம்பியிருக்கையில், துணி எதை நோக்கி மூச்சு விடும்? வீட்டுத் திண்ணையில் கட்டிய கொடியில் மூன்று நாளாகியும் உலராத வேட்டியைக் கண்டவர்களுக்கு இவ்வுண்மையை விளக்க வேண்டியதில்லை. விலையும் மிகுதி, பயனும் இல்லை.

இழையின் தேர்வுக்கு வருவோம். இன்று இலேசான கூடாரங்கள் நைலானாலோ பாலியெஸ்டராலோ நெய்யப்படுகின்றன. நைலான் 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் என்ற இரசாயன அறிஞரால் ஆக்கப்பெற்றது. பாலியெஸ்டர் இழை 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவரால் கண்டுபிடிக்கப்பெற்றது. இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இருபது டெனியர் நூல் என்பது 9,000 மீட்டரும் சேர்ந்து இருபது கிராமே எடையுள்ளது. சம எடையில் நைலான் கிழிவதற்கு அதிக வலிமை வேண்டும். இழுத்தால் சிறிது நீண்டு பின் சுருங்கும் குணமும் அதற்கு உண்டு. இவ்வியல்புகளைக் கண்டே மலையேறுவோர் நைலானை விரும்பினர்.

அதன் குறை, நீரை உறிஞ்சுவது. சாதாரண ஈரப்பதனில் நைலான் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நீரைக் கொள்கிறது. பாலியெஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்குகூடக் கொள்வதில்லை. நீருண்ட நைலான் நீளுகிறது. மாலையில் முரசுபோல் இழுத்துக் கட்டிய கூரை, நள்ளிரவில் தொய்ந்து வலையின்மேல் சாய்கிறது. தொட்ட இடத்தில் படிந்த நீர் உட்கூட்டுக்குள் இறங்குகிறது. மழையில் எழுந்து கயிறுகளை மறுபடியும் இழுத்துக் கட்டினாலன்றி உறக்கமில்லை. ஒரே இரவு தங்கும் உல்லாசப் பயணிக்கு இது சிறு தொல்லை. பகலெல்லாம் நடந்து, மறுநாளும் நடக்க வேண்டிய காவலருக்கு அது சிறு தொல்லையன்று. வெயிலைத் தாங்குவதிலும் நைலான் பாலியெஸ்டருக்குப் பின்னிற்பது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் இரண்டையும் சிதைக்கின்றன. நைலானை விரைவில் சிதைக்கின்றன. முதலமடைச் சமவெளியின் மாசி, பங்குனி வெயிலில் பகல் முழுவதும் விரித்த நிலையில் விட்டுவைத்த மெல்லிய நைலான் கூரையை, அடுத்த மழைக்காலத்தில் நம்பிப் படுத்தல் தகாது.

ஆகவே, ஏறத்தாழ 40 முதல் 75 டெனியர் வரையுள்ள பாலியெஸ்டர்த் துணியே கூரைக்குத் தக்கது. இருபது டெனியர் நைலானோடு ஒப்பிடும்போது ஒரு கூடாரத்துக்குச் சில நூறு கிராம் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் கூடுதல், ஒரு தண்ணீர்ப் புட்டியின் எடைக்குள் அடங்குவது. டைனீமா என்ற மிக வலிய இழையைப் படலங்களுக்கிடையே பொதிந்து செய்யப்படும் துணி, சதுரமீட்டருக்கு இருபது, முப்பது கிராமுக்குள் அடங்கும்; நீரை உறிஞ்சாது; தொய்யாது. அதன் விலை, அரசாங்கப் பணியாளரின் கொள்முதலுக்கு எட்டாதது என்பதனால் அதை இங்கே விட்டுவிடலாம்.

பூச்சைப் பற்றிய பகுதியே வாங்குவோர் மிகக் குறைவாக அறிந்ததும், மிகுந்த நஷ்டத்தை விளைவிப்பதும் ஆகும். துணியை நெருக்கி நெய்தால் மட்டும் மழை நிற்காது. இழைகளின் இடைவெளியை ஒரு பூச்சு அடைக்க வேண்டும். 1823-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த மாக்கின்டாஷ் என்பவர், இரண்டு துணிகளுக்கிடையே ரப்பரைக் கரைசலாகத் தடவி ஒட்டி நீர்புகாத துணிக்கு உரிமை பெற்றார். அத்துணி வெப்பத்தில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றமும் வீசியது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறை வந்த பின்னரே அக்குறை நீங்கியது. இன்றைய மலிவுக் கூடாரங்களில் பரவலாகக் காணப்படும் பாலியூரித்தேன் பூச்சு, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கதையை வேறு காரணத்தால் திரும்ப நடத்துகிறது.

பாலியூரித்தேனில் இரு வகைகள் உண்டு. ஒன்று, பாலியெஸ்டர் வகை. மற்றொன்று, பாலியீதர் வகை. (துணியின் இழைக்கும் "பாலியெஸ்டர்" என்றே பெயர் வழங்குவதால் இங்கே குழப்பம் நேர்தல் கூடும். இழையாகிய பாலியெஸ்டர் ஈரத்தைத் தாங்குவது. பூச்சின் ஒரு வகையாகிய பாலியெஸ்டர்-யூரித்தேனோ ஈரத்துக்கு அஞ்சுவது. விற்பனையாளரிடம் கேட்கும்போது இரண்டையும் பிரித்துக் கேட்டல் நலம்.) பாலியெஸ்டர் வகைப் பூச்சின் அணுக்கோவைகளை நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. நீராற்பகுப்பு என்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் வினையே இது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வினை விரைகிறது. பூச்சு பசைபோல் ஒட்டுகிறது. புளித்த நாற்றம் வீசுகிறது. பின்னர்ச் செதிள் செதிளாக உதிர்கிறது. குளிர்ந்து உலர்ந்த நாட்டில் பல ஆண்டு நிற்கும் கூடாரம், ஈரத்தோடு சுருட்டிப் பண்டக அறையின் மூலையில் இடப்பெற்றால் இங்கே ஓரிரு மழைக்காலத்திலேயே பாழாகலாம். வாங்கிய நாளில் 5,000 மில்லிமீட்டர் என்று சோதனையில் தேறிய துணி அது என்பதனால் யாருக்கு என்ன பயன்? பாலியீதர் வகை நீராற்பகுப்பை நெடுங்காலம் தாங்குவது. விலை சற்றுக் கூடுதல்.

சிலிக்கோன் பூச்சு இவ்வினைக்கு இடங்கொடுப்பதில்லை. மற்றொரு நன்மையும் அதனால் உண்டு. பாலியூரித்தேன், இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்துவிடுவதால் கிழிசல் ஒவ்வோர் இழையாக எளிதில் ஓடும். சிலிக்கோன் இழைகளுக்கு எண்ணெயிட்டாற்போல் வழுக்கலைத் தருவதால், கிழிசலின் முனையில் இழைகள் நகர்ந்து ஒன்றுகூடிச் சுமையைத் தாங்குகின்றன. துணி கிழிய மறுக்கிறது. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. தையல் துளைகளை மூடும் நாடா அதில் ஒட்டாது. தையலைக் கையால் சிலிக்கோன் பசை தடவி அடைக்க வேண்டும். தரைத்துணிக்கு இட்டால், சரிவில் படுத்தவர் விடியும்போது கூடாரத்தின் மூலையில் கிடப்பார், அத்தனை வழுக்கல். எனவே மழைபடும் வெளிப்புறத்தில் சிலிக்கோனும் உட்புறத்தில் பாலியீதர்-யூரித்தேனும் இட்ட துணி கூரைக்கும், கனமான பாலியீதர்-யூரித்தேன் பூச்சுள்ள துணி தரைக்கும் ஏற்றவை என்று கொள்ளலாம். தரையின் அடியில் ஒரு சில்பாலின் துண்டை விரித்தால் கட்டையும் கல்லும் அதைக் கிழிக்கட்டும். அது கிழிந்தால் மாற்றுவது எளிது. அத்துண்டு கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீளாதிருத்தல் முக்கியம். நீண்டால் கூரையின் நீரை வாங்கிப் படுக்கையின் அடியில் சேர்த்துவிடும்.

சில்பாலினைக் குறிப்பிட்டபின், பலர் மனத்தில் எழும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. காட்டில் தேன் எடுப்போரும் ஈற்றை வெட்டுவோரும் ஒரு தார்ப்பாயைக் கயிற்றில் இழுத்துக் கட்டி அதன்கீழ்க் காலம் கழிக்கின்றனரே. இத்தனை ஆராய்ச்சி எதற்கு? இக்கேள்வி நியாயமானது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள, சதுரமீட்டருக்குத் தொண்ணூறு கிராம் எடையுள்ள படலத் தார்ப்பாய் ஒரு கிலோகிராமுக்குச் சிறிதே மேல். நீரை உறிஞ்சாது, உதறினால் உலரும், பக்கங்கள் திறந்திருத்தலால் ஆவி படியாது, விலை, கூடாரத்தின் விலையில் ஒரு சிறு பங்கு. இதனோடு தொட்டித் தரையுள்ள வலைக் கூடு ஒன்றைச் சேர்த்தால், மழைக்கால ரோந்துக்கு இதனினும் சிறந்த ஏற்பாட்டைக் காண்பது அரிது. கடையில் விற்கும் கூடாரத்தைவிட இதுவே மேல் என்று கூறுவதற்கும் இடமுண்டு. சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் வேலை செய்த மக்களின் அறிவு, எதை எங்கே மூட வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும் என்பதை நன்கு உணர்ந்திருந்தது. படலத்துக்கு உள்ள குறை, காற்றில் படபடத்துக் கண்களிருக்கும் இடத்தில் கிழிவது, மடிப்பில் நைவது. கணவாய்க் காற்று வீசும் சமவெளியில் அதனை நம்ப முடியாது. அங்கே நெய்த துணியே வேண்டும்.

மாணவர் முகாமுக்கு எடை ஒரு பிரச்சினையே அன்று. ஜீப் செல்லும் இடத்தில் முகாமிடும் ஆசிரியர், இலேசான கூடாரத்தை நாடுவதற்குக் காரணம் காண்பது கடினம். சதுரமீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள பருத்திக் கான்வாஸ், நனைந்தவுடன் இழைகள் பருத்துத் தாமே துளைகளை அடைத்துக்கொள்ளும். வறண்டிருக்கையில் ஆவியை வெளியே விடும். உள்ளே நிழல் தரும். தீப்பொறி பட்டால் ஓட்டை விழுமேயன்றி, உருகிச் சொட்டித் தோலில் ஒட்டுவதில்லை. நைலானும் பாலியெஸ்டரும் வகைக்கேற்ப 220 முதல் 260 பாகைக்குள் உருகிவிடும். கொசுவர்த்திச் சுருளையும் மண்ணெண்ணெய் விளக்கையும் கூடாரத்துக்குள் ஏற்றும் பழக்கம் நீங்காத வரையில், சிறுவர் உறங்கும் இடத்தில் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கான்வாஸின் பகை, பூஞ்சணம். ஈரத்தோடு சில நாள் மடித்து வைத்தால் கரும்புள்ளிகள் தோன்றும். பிறகு துணி இற்றுப்போகும்.

யானைக்கு எதிரே எந்தத் துணியும் துணியே என்பதையும் கூறிவிட வேண்டும். 2021-ஆம் ஆண்டு சனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடார விடுதியில் தங்கியிருந்த ஆசிரியை ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். வனத்துறை குறித்துக் கொடுத்த இடத்திலன்றி வேறெங்கும் கூடாரம் அடிப்பது, துணியைப் பற்றிய கேள்வியே அன்று.

கொள்முதல் செய்வோர் விற்பனையாளரின் எண்ணை அப்படியே ஏற்க வேண்டிய நிலையில் இல்லை. முதலமடைக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் அதன் சோதனைக் கூடங்களும் உள்ளன. புதுத் துணியின் எண்ணைக் கேட்பதோடு நில்லாது, 70 பாகை உஷ்ணத்திலும் நூற்றுக்கு 95 ஈரப்பதனிலும் சில வாரம் வைத்திருந்த பின் அத்துணி எத்தனை மில்லிமீட்டர் தாங்குகிறது என்று கேட்டல் வேண்டும். பூச்சுத் துணிகளைச் சோதிக்க இம்முறை வழக்கிலுள்ளதே. ஒப்பந்தப் புள்ளி கோரும் அறிவிப்பில் இந்த ஒரு வரி சேருமாயின், குறைந்த விலைப்புள்ளி என்ற ஒரே காரணத்துக்காகப் பசையாகிப்போகும் கூடாரங்களை ஏற்கும் கட்டாயம் குறையும்.

பள்ளியிலும் இதனைச் சிறு அளவில் செய்து காட்டலாம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயின் ஒரு வாயில், மழைபடும் பக்கம் உட்புறமாக இருக்குமாறு துணித்துண்டை வைத்து, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்ட வேண்டும். குழாயை நிறுத்திப் பிடித்து மேல்வாய் வரை நீர் ஊற்றினால் துணியின்மேல் 1,500 மில்லிமீட்டர் அழுத்தம் ஏற்படுகிறது. கட்டின் ஓரத்தில் கசிவதைத் தள்ளிவிட்டு, நடுப்பகுதியில் துளி தோன்றுகிறதா என்று ஐந்து நிமிடம் நோக்கலாம். அதே துணியில் மற்றொரு துண்டை ஈரப் பஞ்சோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வெயில்படும் சாளரத்தில் ஒரு பருவம் முழுவதும் வைத்திருந்து, பின்னர்த் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, மறுபடியும் குழாயில் கட்டிச் சோதிக்கட்டும். நீராற்பகுப்பு என்ற சொல்லுக்கு மாணவர் கைகளால் உணரத்தக்க பொருள் கிடைக்கும். மூன்றாவதாக, தொங்கு தராசில் கூடாரத்தை உலர்ந்த நிலையிலும், ஓர் இரவு மழையில் நின்றபின் உதறி மடித்த நிலையிலும் நிறுத்து இரண்டையும் எழுதி வைக்கலாம். உறையில் அச்சிட்ட எடை உலர்ந்த எடை. தோளில் ஏறுவதோ ஈர எடை. சதுரமீட்டருக்கு நாற்பது கிராம் நீர் ஒட்டி நின்றாலே, எட்டுச் சதுரமீட்டர்க் கூரையில் 320 கிராம் கூடிவிடும். இருபது டெனியர் வாங்கி மிச்சப்படுத்திய எடை பெரும்பாலும் அதிலேயே போய்விடுகிறது.

எஞ்சியது, பண்டக அறை. முகாம் முடிந்து திரும்பியவுடன் கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்து, வெயிலில் அன்று, நிழலில் கொடியில் இட்டு, தையல் மடிப்புகளும் உலரும் வரையில் விட்டுவைத்து, பிறகு இறுகச் சுருட்டாமல் காற்றோடும் பருத்திப் பையில் தளர்வாக இடுதல் வேண்டும். மழைக்காலத்தில் ஒரே நாளில் உலராது. அடுப்பங்கரைப் பரண் இருந்த காலத்தில் இத்தொல்லை இல்லை. உணவுக்கூடத்தின் மேற்கூரையின்கீழ் இரண்டு கயிறு கட்ட இடம் ஒதுக்கினால் போதும். பொருட்பதிவேட்டில் கூடாரத்தின் எண்ணுக்கு எதிரே வாங்கிய தேதி மட்டும் எழுதப்படுகிறது. கடைசியாக உலர்த்தி வைத்த தேதிக்கும், உலர்த்தியவர் கையொப்பத்துக்கும் ஒரு பத்தி கூட்டுவதற்குச் செலவொன்றும் இல்லை.